யார் இந்த சதோஷி கோன்? நான்கே படங்களில் அனிமேஷன் உலகைத் திரும்பிப் பார்க்க வைத்த இயக்குநரின் கதை

நான்கு திரைப்படங்கள். நான்கையும் அடுத்தடுத்து ஓட்டினால் ஆறு மணி நேரம்கூட ஆகாது. 13 எபிசோடுகள் கொண்ட ஒரு தொலைக்காட்சித் தொடர். ஒரே நிமிடத்தில் முடிந்துவிடும் ஒரு குறும்படம். பாதியில் நின்றுபோன ஒரு கனவுப் படம். ஜப்பானிய இயக்குநர் சதோஷி கோன் இயக்கியவற்றில் முக்கியமானவை இவ்வளவுதான்.

ஆனாலும் 'அனிமே' என்றாலே சின்னப் பசங்க பார்க்கிற பொம்மைப் படம் என்று நினைப்பவர்களிடம், விவரம் தெரிந்த ரசிகர்கள் முதலில் எடுத்து நீட்டும் பெயர்களில் கோனின் பெயரும் ஒன்று. 2010-ல், 46 வயதில் அவர் இறந்துபோனார். அதற்குப் பிறகுதான் அவருடைய படங்களைத் தேடிப் பார்க்கும் கூட்டம் உலகம் முழுக்க பெருகியது.

யார் இவர்? அந்த நான்கு படங்களில் அப்படி என்ன இருக்கிறது? விரிவாகப் பார்ப்போம்.

மங்காவில் தொடங்கிய பயணம்

சதோஷி கோன் பிறந்தது 1963 அக்டோபர் 12. ஜப்பானின் வடகோடித் தீவான ஹொக்கைடோவில் வளர்ந்தவர். டோக்கியோவுக்கு வந்து முசாஷினோ கலைப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார்.

மாணவராக இருக்கும்போதே மங்கா வரையத் தொடங்கிவிட்டார். மங்கா என்பது ஜப்பானிய சித்திரக்கதை. அங்கே அது சிறுவர்களுக்கு மட்டுமான விஷயம் கிடையாது. அலுவலகம் போகிறவர்களும் ரயிலில் படிப்பார்கள். 1980-களின் மத்தியில் கோனின் ஒரு சிறுகதை மங்கா விருதுப் போட்டியில் பரிசு பெற்றது. அது அவருக்கு ஒரு பெரிய கதவைத் திறந்துவிட்டது. 'அகிரா' மங்காவை உருவாக்கிய கட்சுஹிரோ ஓட்டோமோவிடம் உதவியாளராகச் சேரும் வாய்ப்புதான் அது.

ஓட்டோமோவின் கோடு எப்படி இருக்கும் என்று அகிரா பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒவ்வொரு கட்டடத்துக்கும் கனம் இருக்கும், உடைந்த ஒவ்வொரு கண்ணாடிக்கும் கணக்கு இருக்கும். அந்தப் பட்டறையில்தான் கோனின் கை பழகியது.

1990-ல் 'கைகிசென்' என்ற சொந்த மங்காவை எழுதி வரைந்தார். கடற்கரை ஊர் ஒன்று, அங்கே தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றப்பட்டு வரும் கடற்கன்னியின் முட்டை, ஊரை வளைத்துப்போட வரும் கட்டுமான நிறுவனம். இதுதான் கதைக்களம்.

அப்புறம் மெல்ல மெல்ல அனிமேஷன் பக்கம் நகர்ந்தார். ஓட்டோமோ கதை எழுதிய 'ரோஜின் ஸி' (1991) படத்தில் பின்னணி வடிவமைப்பு. மாமோரு ஓஷீ இயக்கிய 'பாட்லேபர் 2' (1993) படத்தில் லேஅவுட்.

லேஅவுட் என்றால் என்ன? ஒரு ஷாட்டில் கேமரா எங்கே இருக்கிறது, பாத்திரம் எந்த இடத்தில் நிற்கிறது, பின்னாலிருக்கும் சுவர் எந்தக் கோணத்தில் தெரிகிறது என்பதையெல்லாம் முன்கூட்டியே வரைந்து முடிவு செய்யும் வேலை. சினிமாவில் ஒளிப்பதிவாளரும் கலை இயக்குநரும் சேர்ந்து செய்வதை, அனிமேஷனில் ஒருவர் பென்சிலால் செய்வது மாதிரி. பின்னாளில் கோனின் படங்களில் இடமும் கோணமும் அவ்வளவு கச்சிதமாக இருப்பதற்கு இந்தப் பயிற்சி ஒரு முக்கியக் காரணம்.

1995-ல் வெளியான 'மெமரீஸ்' மூன்று கதைகள் கொண்ட படம். அதில் 'மேக்னடிக் ரோஸ்' பகுதிக்குத் திரைக்கதை எழுதியவர் கோன். விண்வெளியில் குப்பை அள்ளும் குழு ஒன்று, எப்போதோ வாழ்ந்த ஓபரா பாடகியின் நினைவுகளுக்குள் சிக்கிக்கொள்ளும் கதை. நினைவு எது, நிஜம் எது என்ற கேள்வி கோனின் எழுத்தில் தெளிவாகத் தலைகாட்டியது இங்கேதான்.

அதே காலகட்டத்தில் 'ஓபஸ்' என்ற மங்காவும் வரைந்துகொண்டிருந்தார். தான் வரையும் கதைக்குள்ளேயே விழுந்துவிடும் ஒரு மங்கா கலைஞனைப் பற்றியது. தொடர் வெளிவந்த பத்திரிகை மூடப்பட்டதால் அது பாதியிலேயே நின்றது. கோனின் வாழ்க்கையில் பாதியில் நிற்கப்போவது அது மட்டுமல்ல என்று அப்போது யாருக்கும் தெரியாது.

முதல் படம்: 'பெர்ஃபெக்ட் ப்ளூ'

மேட்ஹவுஸ் ஸ்டூடியோவில் கோன் இயக்கிய முதல் படம் இது. யோஷிகசு டகேயுச்சியின் நாவல்தான் மூலம். 1997-ல் கனடாவின் மான்ட்ரியலில் நடக்கும் ஃபேண்டேசியா திரைப்பட விழாவில் முதலில் திரையிடப்பட்டது. அடுத்த ஆண்டு ஜப்பானில் வெளியானது.

மீமா மூன்று பேர் கொண்ட பாப் இசைக்குழுவில் ஒரு பாடகி. குழுவை விட்டு விலகி நடிகையாக முடிவெடுக்கிறாள். சில ரசிகர்களுக்கு அது பிடிக்கவில்லை. இந்த நேரத்தில், அவள் பெயரிலேயே நடக்கும் ஒரு இணையதளம் அவள் கண்ணில் படுகிறது. இன்று ரயிலிலிருந்து எந்தக் காலை முதலில் எடுத்து வைத்தாள் என்பதுவரை யாரோ அதில் நாட்குறிப்பாக எழுதிக்கொண்டிருக்கிறார்கள். முதலில் சிரிப்பு வருகிறது. அப்புறம் பயம் வருகிறது. கடைசியில், அந்தத் தளத்தில் இருப்பவள்தான் உண்மையான மீமாவோ என்ற சந்தேகம் அவளுக்கே வருகிறது.

இது 1997 என்பதை மறந்துவிடக் கூடாது. சமூக வலைதளம் கிடையாது, ஸ்மார்ட்போன் கிடையாது. படத்தில் மீமாவுக்குக் கணினியில் இணையதளத்தை எப்படித் திறப்பது என்பதையே ஒருவர் சொல்லித்தர வேண்டியிருக்கிறது. போலிக் கணக்கு, ரசிகர்களின் உரிமை கொண்டாடல், பெண் கலைஞர்களைப் பின்தொடர்ந்து துன்புறுத்துவது என இன்று தினமும் நாம் செய்தியில் படிக்கும் விஷயங்களை அந்தப் படம் அன்றே பேசிவிட்டது.

ஓர் எச்சரிக்கை: இது பெரியவர்களுக்கான படம். வன்முறையும் பாலியல் வன்கொடுமை தொடர்பான காட்சியும் உண்டு. அனிமேஷன்தானே என்று குழந்தைகளுக்குப் போட்டுவிட வேண்டாம்.

அடுத்தடுத்த படங்கள்

'மில்லெனியம் ஆக்ட்ரஸ்' (2001): சினிமாவை விட்டு 30 ஆண்டுகளாக ஒதுங்கி வாழும் முதிய நடிகை சியோகோ. அவரைப் பேட்டி எடுக்க ஆவணப்பட இயக்குநர் ஒருவரும் கேமராமேனும் போகிறார்கள். எப்போதோ தொலைந்துபோன ஒரு சாவியை அவரிடம் தருகிறார்கள். சாவி கைக்கு வந்ததும் நினைவும் திறந்துகொள்கிறது. சிறுமியாக இருந்தபோது ஒரு முறை மட்டும் சந்தித்த ஓவியனைத் தேடி அவர் ஓடிய ஓட்டம்தான் கதை. வாழ்க்கையில் ஓடியது எது, படத்துக்காக ஓடியது எது என்று பிரிக்கவே முடியாது. போர்க்காலம், சாமுராய் காலம், விண்வெளி என எல்லாவற்றையும் தாண்டி ஓடுகிறார். பேட்டி எடுக்க வந்த இருவரும் அந்தக் காட்சிகளுக்குள்ளேயே நின்று வியர்க்க விறுவிறுக்கப் படம் பிடிப்பது தனிக் கலகலப்பு. ஜப்பான் ஊடகக் கலை விழாவின் உயரிய பரிசை இந்தப் படம் மியாசாகியின் 'ஸ்பிரிட்டட் அவே' படத்துடன் பகிர்ந்துகொண்டது.

'டோக்கியோ காட்ஃபாதர்ஸ்' (2003): கிறிஸ்துமஸ் இரவு. டோக்கியோ தெருவில் வாழும் மூன்று பேர்: குடிக்கு அடிமையான நடுத்தர வயது ஆள், ஹனா என்ற திருநங்கை, வீட்டை விட்டு ஓடிவந்த பதின்பருவப் பெண். குப்பைக் குவியலில் அவர்களுக்கு ஒரு பச்சைக் குழந்தை கிடைக்கிறது. பெற்றவர்களைத் தேடிக் கிளம்புகிறார்கள். கனவுக் குழப்பம் எதுவும் இல்லாத, சிரிக்கவும் அழவும் வைக்கும் நேரடியான கதை இது. பளபளப்பான நகரத்தின் பின்சந்துகளையும் நீலத் தார்ப்பாய்க் கூடாரங்களையும் கோன் இதில் கண்ணுக்கு நேராக வைத்தார். ஹனாவைச் சில இடங்களில் நகைச்சுவைக்குப் பயன்படுத்துகிறார்கள் என்பது உண்மைதான். ஆனா, குழந்தையை முதலில் நெஞ்சோடு அணைப்பதும், கதையின் மனசாட்சியாகக் கடைசிவரை நிற்பதும் அவர்தான்.

'பாரனோயா ஏஜென்ட்' (2004): 13 எபிசோடுகள் கொண்ட தொலைக்காட்சித் தொடர். ரோலர் ஸ்கேட்ஸ் மாட்டிக்கொண்டு, வளைந்துபோன தங்க நிற பேஸ்பால் மட்டையுடன் வரும் ஒரு சிறுவன் மக்களைத் தாக்கிவிட்டு மறைகிறான். போலீஸ் தேடுகிறது. வதந்தி பரவப் பரவ அந்தச் சிறுவனும் பெரிதாகிக்கொண்டே போகிறான். முந்தைய படங்களில் பயன்படுத்த முடியாமல் மிச்சமான யோசனைகளைச் சேர்த்து கோன் செய்த தொடர் இது.

'பாப்ரிகா' (2006): யசுதகா சுட்சுயின் அறிவியல் புனைகதை நாவலைத் தழுவியது. மனநோயாளிகளின் கனவுக்குள் நுழைந்து சிகிச்சை தர ஒரு கருவி கண்டுபிடிக்கப்படுகிறது. அது திருடுபோகிறது. ஒருவர் கனவு இன்னொருவர் கனவோடு கலக்கிறது. கடைசியில் கனவே தெருவில் இறங்கி ஊர்வலம் போகிறது. பொம்மைகள், தவளைகள், குளிர்சாதனப் பெட்டிகள் எல்லாம் மேளதாளத்துடன் நடந்துவரும் அந்த ஊர்வலம், பார்க்கப் பார்க்க சிரிப்பும் கிலியும் ஒன்றாகத் தரும் காட்சி. வெனிஸ் திரைப்பட விழாவின் போட்டிப் பிரிவில் இந்தப் படம் இடம்பெற்றது.

கோனின் பாணி: எதை வைத்து அடையாளம் காண்பது?

1. வெட்டும் இடம்: கோனின் கையெழுத்து என்றால் அது எடிட்டிங்தான். ஒரு காட்சியில் தொடங்கும் அசைவு அடுத்த காட்சியில் முடியும். பெர்ஃபெக்ட் ப்ளூ தொடக்கத்தில், மேடையில் ஆடும் மீமாவையும் சூப்பர் மார்க்கெட்டில் பொருள் வாங்கும் மீமாவையும் மாற்றி மாற்றிக் காட்டுகிறார். ஒரு வசனமும் இல்லாமல் 'இவளுக்கு இரண்டு வாழ்க்கை' என்று நமக்குப் புரிந்துவிடுகிறது. உருவத்தையும் அசைவையும் பொருத்தி வெட்டும் இந்த முறைக்கு 'மேட்ச் கட்' என்று பெயர். பல இயக்குநர்கள் படத்துக்கு ஓரிரு இடங்களில் செய்வதை, கோன் கதை சொல்லும் மொழியாகவே வைத்துக்கொண்டார். ஜார்ஜ் ராய் ஹில் இயக்கிய 'ஸ்லாட்டர்ஹவுஸ் ஃபைவ்' (1972) படத்தின் தாக்கத்தை அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

2. தாமதமாகத் தெரியும் இடம்: வழக்கமாக ஒரு காட்சி தொடங்கும்போதே இது வீடு, இது ஆஸ்பத்திரி என்று காட்டிவிடுவார்கள். கோன் அதைத் தள்ளிப்போடுவார். அருகிலிருந்து ஒரு முகத்தைக் காட்டுவார். நாம் ஓர் இடத்தை ஊகித்துக்கொள்வோம். கேமரா பின்னால் வரும்போது அது வேறு இடமாக இருக்கும். பாத்திரத்தின் குழப்பம் இப்படித்தான் நம் குழப்பமாக மாறுகிறது.

3. நிஜ முகங்கள்: பெரிய பெரிய கண்கள், கலர் கலரான முடி என்ற வழக்கமான அனிமே அடையாளங்கள் இவரிடம் குறைவு. பாத்திரங்கள் டோக்கியோ ரயிலில் எதிரில் உட்கார்ந்திருக்கும் மனிதர்களைப் போலவே இருப்பார்கள். தூக்கம் கெட்ட கண், தொங்கும் தொப்பை, தேய்ந்த சட்டைக் காலர் எல்லாம் இருக்கும். பின்னணியும் அப்படித்தான். இவ்வளவு நம்பும்படியாக நிஜத்தை வரைந்து வைப்பதால்தான், அது கலையும்போது நமக்கு அடிவயிறு கலங்குகிறது.

4. இரண்டாகப் பிரியும் மனிதர்கள்: மீமாவுக்கு இணையத்தில் ஒரு மீமா. சியோகோவுக்கு திரையில் பல சியோகோக்கள். பாப்ரிகாவில் கண்டிப்பான மருத்துவருக்குக் கனவில் ஒரு துடுக்குப் பெண் வடிவம். வெளியே காட்டும் முகத்துக்கும் உள்ளே இருப்பதற்கும் நடுவில் உள்ள இடைவெளிதான் கோனின் நிரந்தரக் கரு. காலையில் எழும் ஒரு பெண் முழுதாக விழிக்கும்வரை இரண்டு பேராக இருப்பதைக் காட்டும் அவருடைய ஒரு நிமிடக் குறும்படம் 'ஓஹாயோ'வும் இதே கருதான். ஜப்பானிய மொழியில் அதற்கு 'காலை வணக்கம்' என்று பொருள்.

5. இசை: மில்லெனியம் ஆக்ட்ரஸ், பாரனோயா ஏஜென்ட், பாப்ரிகா மூன்றுக்கும் இசை சுசுமு ஹிராசாவா. மின்னணு இசையும் கூட்டுக்குரலும் கலந்த அவருடைய பாணி இல்லாமல் அந்தக் கனவு ஊர்வலத்தைக் கற்பனை செய்வதே கஷ்டம்.

இதையெல்லாம் ஏன் அனிமேஷனில் செய்ய வேண்டும்?

கோனின் கதைகளில் டிராகன் இல்லை, மந்திரவாதி இல்லை. நடிகர்களை வைத்தே எடுத்திருக்கலாமே என்ற கேள்வி அடிக்கடி எழும்.

பதில் அவருடைய படங்களிலேயே இருக்கிறது. நிஜ நடிகர்களை வைத்து எடுக்கும் படத்தில் கனவுக் காட்சி வந்தால், கிராஃபிக்ஸ் தொடங்கும் இடம் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரிந்துவிடும். அனிமேஷனில் நிஜமும் அதே பென்சில் கோடு, கனவும் அதே பென்சில் கோடு. எல்லை எங்கே என்று கண் கண்டுபிடிக்க முடியாது. இரண்டாவது காரணம், வேகம். நிஜப் படத்தில் ஒரு ஷாட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ளக் கண்ணுக்குச் சற்று நேரம் வேண்டும். அதில் வேண்டாத தகவல்களும் நிறைய இருக்கும். வரைந்த ஷாட்டில் தேவையானது மட்டுமே இருப்பதால், கோனால் கண்ணிமைக்கும் நேரத்தில் அடுத்த ஷாட்டுக்குத் தாவ முடிந்தது.

ஹாலிவுட் 'சுட்டதா'?

இணையத்தில் கோன் பெயரைத் தேடினால் முதலில் வருவது இந்தச் சண்டைதான்.

டேரன் அரோனாஃப்ஸ்கியின் 'ரெக்வியம் ஃபார் எ ட்ரீம்' (2000) படத்தில், குளியல் தொட்டி நீருக்குள் முகத்தை அமிழ்த்திக் கத்தும் பெண்ணின் காட்சி ஒன்று வரும். பெர்ஃபெக்ட் ப்ளூவில் வரும் காட்சியும் அதுவும் அச்சு அசல் ஒன்று. 2001-ல் இருவரும் நேரில் சந்தித்தனர். அந்தக் காட்சி கோனின் படத்துக்குச் செய்த மரியாதை என்று அரோனாஃப்ஸ்கி சொன்னதாக கோனே எழுதியிருக்கிறார். அந்தக் காட்சிக்காகவே படத்தின் ரீமேக் உரிமையை அவர் விலைக்கு வாங்கினார் என்று பரவும் தகவல் மட்டும் உண்மை இல்லை.

அவரது 'பிளாக் ஸ்வான்' (2010) படத்திலும் ஒற்றுமைகள் உண்டு. ஒற்றுமை இருப்பதை ஒப்புக்கொண்ட அரோனாஃப்ஸ்கி, அந்தப் படம் கோனின் தாக்கத்தில் உருவானதல்ல என்று மறுத்தார். கிறிஸ்டோபர் நோலனின் 'இன்செப்ஷன்' (2010) படத்தையும் பாப்ரிகாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடும் வீடியோக்கள் ஏராளம். கனவுக்குள் நுழையும் கருவி, நீண்டு வளையும் ஹோட்டல் வராந்தா என்று ஒற்றுமைகளை அடுக்குகிறார்கள். ஆனா அது ரசிகர்கள் செய்யும் ஒப்பீடு என்ற அளவில்தான் நிற்கிறது.

பாராட்டு இருந்தது, வசூல்?

விழாக்களில் கைதட்டல் வாங்கிய அளவுக்கு ஜப்பானியத் திரையரங்குகளில் கோனின் படங்கள் வசூல் குவிக்கவில்லை. ஆனாலும் அவரால் தொடர்ந்து படமெடுக்க முடிந்ததற்கு முக்கியக் காரணம், மேட்ஹவுஸ் தயாரிப்பாளர் மசாவோ மருயாமா. கோனின் திறமை மீது நம்பிக்கை வைத்து அடுத்தடுத்து வாய்ப்பு தந்தவர் அவர். 'ஜுஜுட்சு கைசென்' மூலம் இங்கும் பிரபலமான மாப்பா ஸ்டூடியோவை 2011-ல் தொடங்கியவரும் இதே மருயாமாதான்.

ஜப்பானில் அனிமேஷன் கலைஞர்களுக்குக் கிடைக்கும் குறைந்த சம்பளமும் நீண்ட வேலை நேரமும் பல ஆண்டுகளாகப் பேசப்படும் பிரச்சினை. 2007-ல் அவர்களுக்காக உருவான ஜப்பான் அனிமேஷன் படைப்பாளர்கள் சங்கத்தைத் தொடங்கியவர்களில் கோனும் ஒருவர்.

முடியாத கனவு

பாப்ரிகாவுக்குப் பிறகு கோன் எடுக்கத் தொடங்கிய படம் 'ட்ரீமிங் மெஷின்'. இதில் மனிதர்களே கிடையாது. எல்லாப் பாத்திரங்களும் ரோபோக்கள். சிறுவர்களும் பார்க்கக்கூடிய ஒரு பயணக் கதை. இருண்ட படங்களின் இயக்குநர் என்று பெயர் வாங்கியவர், முதல்முறையாகக் குழந்தைகளுக்காக உட்கார்ந்து வரைந்துகொண்டிருந்தார்.

2010 மே மாதம் அவருக்குக் கணையப் புற்றுநோய் என்று தெரியவந்தது. முற்றிய நிலை. அதிகபட்சம் அரை ஆண்டு என்றார்கள் மருத்துவர்கள். கோன் விஷயத்தை வெளியே சொல்லவில்லை. கடைசி நாட்களை மருத்துவமனையில் கழிக்காமல் வீட்டிலேயே இருக்க முடிவெடுத்தார். ஆகஸ்ட் 24 அன்று இறந்தார். திரையுலகில் பலருக்கு அவர் நோயில் இருந்ததே அப்போதுதான் தெரிந்தது.

மறுநாள் அவருடைய வலைப்பூவில் ஒரு நீண்ட கடிதம் வெளியானது. தன் மரணத்துக்குப் பிறகு வெளியிடும்படி அவரே எழுதி வைத்திருந்தது. பெற்றோருக்கு, மனைவிக்கு, நண்பர்களுக்கு நன்றி சொல்லியிருந்தார். அவரை உறுத்திக்கொண்டிருந்தது படம்தான். பார்க்க வந்த மருயாமாவிடம், படத்தைப் பாதியில் விட்டுப் போவதற்காக வருந்தியதையும், எப்படியாவது பார்த்துக்கொள்கிறேன் என்று அவர் சொன்னதும் தான் அழுததையும் கோன் அதில் எழுதியிருக்கிறார். உலகத்தில் உள்ள நல்லவை அனைத்துக்கும் நன்றி சொல்லி, பேனாவைக் கீழே வைப்பதாகக் கடிதத்தை முடித்திருந்தார்.

மருயாமா முயற்சி செய்யாமல் இல்லை. ஆனா பணத் தட்டுப்பாட்டில் வேலை நின்றது. கோனின் இடத்தில் உட்காரக்கூடிய இயக்குநரும் கிடைக்கவில்லை. வேறொருவர் முடித்தால் அது அந்த இயக்குநரின் படமாகிவிடும், கோனின் படமாக இருக்காது என்ற முடிவுக்குப் பின்னாளில் மருயாமா வந்தார். ட்ரீமிங் மெஷின் இன்றுவரை வெளிவரவில்லை.

2020-ல் அமெரிக்காவின் ஆனி விருது விழாவில், அனிமேஷனில் வாழ்நாள் பங்களிப்புக்கான வின்சர் மெக்கே விருது கோனுக்கு மறைவுக்குப் பின் வழங்கப்பட்டது.

எந்தப் படத்திலிருந்து தொடங்கலாம்?

அனிமே பழக்கமே இல்லாதவர்கள் டோக்கியோ காட்ஃபாதர்ஸில் தொடங்கலாம். கதை நேர்க்கோட்டில் போகும், மனசுக்கும் இதமாக இருக்கும். பழைய சினிமா பிடிக்கும் என்றால் மில்லெனியம் ஆக்ட்ரஸ். நோலன் ரசிகர்களுக்கு பாப்ரிகா. சைக்கோ த்ரில்லர் தாங்கும் மனம் உள்ள பெரியவர்களுக்கு பெர்ஃபெக்ட் ப்ளூ.

பாப்ரிகா பார்ப்பவர்கள் கடைசிக் காட்சியை மட்டும் கவனமாகப் பாருங்கள். சினிமா என்றாலே ஒதுங்கிப் போகும் ஒரு துப்பறியும் அதிகாரி, பயம் தெளிந்து ஒரு திரையரங்க வாசலுக்கு வருகிறார். அங்கே கோனின் முந்தைய படங்களின் போஸ்டர்கள் வரிசையாக ஒட்டியிருக்கின்றன. அவர் கவுன்ட்டரில் ஒரு டிக்கெட் கேட்கிறார். படம் முடிகிறது.

கோன் எடுத்து முடித்த கடைசித் திரைப்படத்தின் கடைசிக் காட்சி, ஒரு மனிதன் சினிமா பார்க்க உள்ளே போவது.